காலைக் கட்டிக்கொள்ளும் நாயும் கூச்சப்படும் வீடும்

நாய் செருப்பைக் கடித்தால் ஊருக்கே சொல்லிச் சிரிக்கலாம். தலையணையைக் கிழித்துப் பஞ்சைப் பறக்கவிட்டால் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடலாம். வந்த விருந்தாளியின் முழங்காலை முன்னங்கால்களால் கட்டிப்பிடித்து இடுப்பை ஆட்ட ஆரம்பித்தால் மட்டும் யாருக்கும் வாய் வராது. டிவி சத்தம் கூடும். "காப்பி போடட்டுமா" என்று ஒரு குரல் அடுக்களைக்குள் ஓடும். விருந்தாளியும் ஒன்றும் நடக்காதது போலக் காலை மெல்ல உருவிக்கொள்ளப் பார்ப்பார். நாய் விடாது.

நாய் வளர்க்கும் நண்பர்களைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் பாதிப் பேர் "எங்க வீட்லயும் உண்டு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். தடுப்பூசிக்குப் போகும்போதுகூட மருத்துவரிடம் இதைக் கேட்பதில்லை. யாரும் கேட்காததால் ஊரில் புழங்கும் விளக்கம் ஒன்றே ஒன்றுதான்: "அதுக்கு வயசு வந்துருச்சு, ஜோடி தேடுது." எங்கள் செல்லி விஷயத்தில் அந்த விளக்கம் முதல் அடியிலேயே நொண்டியது.

செல்லி பெண். செவலை நிறத்து நாட்டு நாய். பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் திரிந்தவள், ஒரு மழைக்காலத்தில் வராந்தாவில் வந்து படுத்தாள், அப்புறம் போகவில்லை. வரும்போதே ஒரு காதின் நுனி வெட்டியிருந்தது. கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடும் தெருநாய்களுக்கு வைக்கும் அடையாளம் அது. கருப்பையும் சினைப்பையும் எடுத்த ஒரு பெண் நாய் மனிதர் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் ஜோடிக் கதை எங்கே பொருந்தும்? எதிர்வீட்டு அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. "ஒருதடவ கடுவன்கிட்ட விட்டுப் பாருங்க, சரியாப் போயிரும்" என்றார். "அதுக்குத்தான் ஆபரேஷன் ஆயிருச்சேக்கா" என்று மனைவி சொன்னதும், "அதான் ஏக்கம்" என்று அடுத்த காரணமும் தயாராக வந்தது.

நாய்கள் ஏறுவதில் காமம் ஒரு காரணம்தான். பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகள் விளையாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கருத்தடை ஆன நாய் ஏறும், பெண் ஏறும், பெண்மீது பெண்ணும் ஏறும். சந்தோஷம், பதற்றம், யார் வருகிறார்கள் என்ற குழப்பம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உடம்பு கொள்ளாமல் போகும்போது சில நாய்கள் வட்டமடித்து ஓடும், சில குரைக்கும், சில துணியைக் கவ்வி உதறும், சில ஏறும். கருத்தடை ஆகாத ஆண் நாய்களில் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. அறுவைக்குப் பிறகு அவற்றில் நிறைய நாய்களுக்கு இது குறையும், ஆனால் எல்லாவற்றுக்கும் நிற்காது.

முதலில் மருத்துவரிடம் காட்டினோம். சிறுநீர்த் தொற்று, பிறப்புறுப்புப் பக்கம் அரிப்பு, தோல் ஒவ்வாமை இவற்றில் எது இருந்தாலும் நாய் அந்த இடத்தை எதிலாவது உரசப் பார்க்கும். அதைப் பழக்கம் என்று நினைத்துத் திருத்தப் போனால் வலியோடு இருக்கும் விலங்கை அதட்டுவதாகிவிடும். செல்லியின் சிறுநீரில் ஒன்றுமில்லை, தோலும் சுத்தம். மருத்துவர், "எப்ப எப்ப ஏறுதுன்னு எழுதிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எழுதும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். அடுக்களையில் தொங்கும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைக் குப்பையில் போடாமல் அதன் பின்பக்கம் எழுதி, கிளிப் போட்டு வைத்தாள். அந்தத் தாள்கள் இன்னும் இருக்கின்றன. "மாலை 5.40. டியூஷன் பிள்ளைகள் வந்த சத்தம். தம்பி ஓடினான். தம்பி கால்." "காலை. சிலிண்டர்காரர். கேட் சத்தம். அத்தை கால்." "மதியம். குளிப்பாட்டியதும். வாளி." வாளியைக்கூட விடவில்லை. "இரவு 10. சும்மா. யாரும் பார்க்கவில்லை. தலையணை."

தம்பி என்று அவள் எழுதியிருப்பது எங்கள் மகனை. மனைவி வீட்டுக்கூடத்தில் டியூஷன் எடுக்கிறாள். சாயங்காலம் ஆனால் வாசலில் சைக்கிள்கள், பைகள், ஆளுக்கொரு சத்தம். தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, யார் கால் என்பதில் செல்லிக்கு எந்தத் தேர்வும் இல்லை என்று தெரிந்தது. வாசலில் சத்தம் எழும் நேரத்தில் எந்தக் கால் பக்கத்தில் நிற்கிறதோ அந்தக் கால்தான். ஏறுவதற்கு முன்னால் சில அறிகுறிகளும் மாறாமல் வந்தன. தூக்கமே இல்லாத நேரத்தில் ஒரு கொட்டாவி. நாக்கு நுனி வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போகும். ஒரு முன்னங்கால் தரையில் படாமல் மடங்கி நிற்கும். உடனே பாய்வாள்.

அந்தத் தாள்களில் இன்னொரு வரியும் திரும்பத் திரும்ப வந்திருந்தது: "அத்தை பிஸ்கட் போட்டார். விட்டாள்."

அம்மாவிடம் கேட்டேன். "போட்டாத்தானடா விடுது?" என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிஸ்கட் விழுந்ததும் செல்லி காலை விட்டுவிட்டு அதை எடுக்கப் போவாள், அம்மாவுக்குக் கால் விடுதலை. செல்லி பக்கமிருந்து பார்த்தால் காலைக் கட்டினால் பிஸ்கட் வருகிறது. யார் யாரைப் பழக்கினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மகன் "ஐயோ ஆச்சி!" என்று கத்திச் சிரித்துக்கொண்டு சோபா மேல் ஏறுவான், அவளுக்கு அது விளையாட்டு. நான் அதட்டுவேன், அதுவும் அவளைப் பார்த்துப் பேசுவதுதான். விருந்தாளி வந்தால் எல்லோரும் விருந்தாளியைப் பார்க்கிறோம். அவள் ஏறினால் எல்லோரும் அவளைப் பார்க்கிறோம். கூச்சத்தில் நாங்கள் போட்ட கூச்சல்தான் அவளுக்குக் கிடைத்த பெரிய பிஸ்கட்.

அதட்டியதும் காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி ஓரமாகப் போய் உட்காருவாள். "தப்புன்னு அதுக்கே தெரியுது பாரு" என்போம். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இந்த முகத்தைச் சோதித்துப் பார்த்தார். உரிமையாளர் அறையைவிட்டு வெளியே போன நேரத்தில் நாய் தின்பண்டத்தை எடுத்ததா இல்லையா என்பதை அவரிடமே மாற்றிச் சொன்னார்கள். ஒன்றுமே செய்யாத நாயும் திட்டு விழுந்தால் அதே முகத்தைக் காட்டியது. அந்த முகம் நம் குரலுக்கு வரும் பதில். தான் செய்தது என்ன என்ற கணக்கு அதில் இல்லை.

இந்த நேரத்தில்தான் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், களத்தில் இறங்கினார். மாமா ஒரு காலத்தில் ராஜபாளையம் வளர்த்தவர், நாய் விஷயத்தில் அவர் சொல்லுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது. "அது உங்கள அடக்கப் பாக்குல. மேல ஏறுறதுன்னாலே அதான் அர்த்தம். மல்லாக்க உருட்டிப் போட்டு கழுத்த அமுக்கிப் பிடி, ரெண்டு நாள்ல வழிக்கு வந்துரும்." இதையே யூடியூபில் கோட்டு போட்ட ஆட்களும் சொல்கிறார்கள்.

இந்த அடக்குமுறைக் கதையின் வேர் ஓநாயில் இருக்கிறது. 1947இல் ருடால்ஃப் ஷென்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து, தலைமைக்கு ஓயாமல் சண்டை நடக்கிறது என்று எழுதினார். ஒரே கூண்டில் அடைபட்ட ஓநாய்கள் அவை. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் இந்தக் கருத்தை உலகமெங்கும் பரப்பினார். அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் பல கோடைகளைக் காட்டு ஓநாய்களோடு கழித்துவிட்டு, 1999இல் வேறு மாதிரி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு குடும்பம், அப்பா, அம்மா, பிள்ளைகள், தலைமைப் போட்டி என்று அங்கே பெரிதாக எதுவும் இல்லை. தான் பரப்பியதைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு மனசு வேண்டும். ஓநாயே அப்படி என்றால், பல்லாயிரம் ஆண்டுகளாக நம் வாசலில் சோறு தின்ற நாயை உருட்டிப் போட்டு அமுக்குவது எதற்கு? 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் நாய் உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்ததில், மல்லாக்கப் போட்டு அமுக்குவது போன்ற முறைகளுக்குக் கால்வாசி நாய்களாவது பதிலுக்குச் சீறியோ கடித்தோ இருக்கின்றன. பத்து வயசுப் பையன் இருக்கும் வீட்டில் நான் அதைச் செய்து காட்டினால், அடுத்து அவன் செய்து பார்ப்பான். கடி அவன் முகத்தில்தான் விழும்.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "பாக்கேன் மாமா" என்றேன்.

நாங்கள் செய்தது ரொம்பச் சாதாரணம், அலுப்பானதும்கூட. டியூஷன் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் செல்லியை வாய்க்கால் பக்கம் நடக்கக் கூட்டிப் போனேன். இழுத்துக்கொண்டு வேகமாகப் போகும் நடை இல்லை. ஒவ்வொரு கம்பத்தையும் அவள் இஷ்டத்துக்கு மோந்து பார்க்க விட்ட நடை. திரும்பி வந்ததும் உள்ளறையில் ஒரு பழைய துண்டுக்குள், உப்புக் காரம் இல்லாமல் வேகவைத்த கோழித் துணுக்குகளைத் தூவிச் சுருட்டி வைத்தோம். கதவைச் சாத்தினோம். வெளியே சைக்கிள் சத்தம் வரும்போது அவள் மூக்கு துண்டுக்குள் இருக்கும். மற்றவர் வீட்டுப் பிள்ளைகள் வரும் இடத்தில் "பழகிடுவா" என்று சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை, இன்றைக்கும் டியூஷன் நேரத்தில் அந்தக் கதவு சாத்தித்தான் இருக்கிறது.

வீட்டு ஆட்கள் விஷயத்தில், கூடத்து மூலையில் ஒரு கோரைப்பாய்த் துண்டைப் போட்டு, யாரும் வராத அமைதியான நேரத்தில் "பாய்" என்று சொல்லி அதில் ஒரு கோழித் துணுக்கைப் போட்டுப் பழக்கினோம். பாய்க்குப் போனால் நல்லது நடக்கும் என்று அவள் உடம்பில் ஊறிய பிறகுதான் கேட் சத்தத்தோடு சேர்த்தோம். எல்லாம் அந்த நாக்கு நுனி வெளியே வரும் நொடியில் இருக்கிறது. அப்போது "செல்லி, பாய்" என்றால் போவாள். ஏறிய பிறகு சொன்னால் ஏறியதற்கே கூலி கொடுத்ததாகிவிடும். ஏறிவிட்டால் பேச்சு இல்லை, பார்வை இல்லை, தள்ளுவதும் இல்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி அரை நிமிஷம் கழித்து வர வேண்டும். மகனுக்கு, ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கச் சொல்லிக் கொடுத்தோம். உள்ளே அவள் ஒரு மெல்லிய கயிற்றைக் கழுத்துப்பட்டையில் இழுத்துக்கொண்டே திரிந்தாள். காலைப் பிடித்துவிட்டால் கழுத்தைத் தொடாமல் கயிற்றை எடுத்துக் கூட்டிப்போக அது உதவியது. ஆள் இல்லாத நேரத்தில் கயிற்றைக் கழற்றிவிடுவோம், எங்காவது சிக்கிக்கொள்ளக்கூடாது.

தொடக்கத்தில் நிலைமை மோசமானது. இத்தனை நாள் வேலை செய்த வித்தை திடீரென்று செல்லுபடியாகாமல் போனால் நாயும் விடாமல் முயன்று பார்க்கும்: இன்னும் பலமாக ஏறினாள், அம்மாவைப் பார்த்துக் குரைத்தாள், சேலைக் கொசுவத்தைக் கவ்வினாள். பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் மனசு இளகி ஒரு பிஸ்கட் விழும். உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டியது இதைத்தான். எப்போதும் கிடைக்கும் கூலியைவிட எப்போதாவது கிடைக்கும் கூலி பழக்கத்தைக் கெட்டியாக்கும். அம்மா பிஸ்கட் டப்பாவை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் வைத்தாள். "கை சும்மா இருக்க மாட்டேங்குல" என்றாள்.

அம்மா காலோடு செல்லிக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு அம்மா ஈசிசேரில் சாய்ந்தால், செல்லி வந்து கால்மாட்டில் படுத்து இரண்டு பாதத்தையும் நக்கிக்கொண்டே இருப்பாள். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு என்று விடாமல். பார்க்க அழகாகத்தான் இருக்கும். காலில் வியர்வை உப்பு, தேங்காயெண்ணெய், அவளுக்கு அங்கே ருசி இருக்கிறது. எனக்குக் கவலை வந்தது மூட்டுவலிக்கு அம்மா தேய்க்கும் ஜெல்லைப் பார்த்து. அதில் டைக்ளோஃபினாக் இருக்கிறது. மனிதர் தோலில் தேய்ப்பதற்கு இருக்கும் அந்த மருந்து நாயின் வயிற்றுக்குள் போனால் குடல்புண், வாந்தி, கறுப்பாக மலம், சிறுநீரகம் வரைக்கும் கெடுக்கும். கற்பூரம் சேர்ந்த தைலங்களும் ஆகாது.

"ஏம்மா, இப்படி நக்குதே, தள்ளிவிடக்கூடாதா?" என்று கேட்டேன்.

"நக்குதா?" என்று குனிந்து பார்த்தாள். "எனக்குத் தெரியலையே."

விளையாட்டாகச் சொன்னாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறாள். அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அவர் ஒரு பேனா மாதிரிப் பிடியில் செருகிய நைலான் இழையை எடுத்து, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒவ்வொரு இடமாக இழை வளையும்வரை தொட்டார். அந்த இழை 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. தொடும்போதெல்லாம் "ஆமா" என்று சொல்ல வேண்டும். இடது பெருவிரல் அடியிலும் குதிகாலிலும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கரையில் நரம்பு உணர்வு குறைந்திருக்கிறது. முள் குத்தினாலும் தெரியாது, நாய் நாக்கு ஒரு வெடிப்பை நக்கி நக்கிப் புண்ணாக்கினாலும் தெரியாது. நாய் எச்சிலில் இருக்கும், நாய்க்கு ஒன்றும் செய்யாத கிருமிகள், சர்க்கரை நோயாளியின் புண்ணில் புகுந்தால் காலையே கேட்கும். நாய் நக்கினால் புண் ஆறும் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு, இந்தக் காலுக்கு அதைச் சொல்லாதீர்கள். வெறிநாய்க்கடி விஷயத்திலும், காயமில்லாத தோலை நக்கினால் பயமில்லை, வெடித்த தோலை நக்கினால் ரத்தம் வந்த கடியோடு சேர்த்து, ஆபத்து மிகுந்த மூன்றாம் வகையில்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. செல்லிக்கு ஆண்டுத் தடுப்பூசி தவறாமல் போட்டிருந்ததால் அந்தப் பக்கம் நிம்மதி.

இப்போது ஜெல் ராத்திரி மட்டும், கதவைச் சாத்தி. பகலில் பருத்திக் காலுறை. "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்று அம்மா ரெண்டு நாள் முனகினாள். ஈசிசேர் கால்மாட்டில் இருந்த செல்லியின் சாக்கை எடுத்துக் கைப்பிடிப் பக்கம் போட்டோம். அம்மா கை தானாகத் தொங்கி அவள் காதுக்குப் பின்னால் சொறிகிறது. ரெண்டு பேருக்கும் வேண்டியது அதுதான் போல. தினம் ராத்திரி மகன் டார்ச் அடித்து ஆச்சி பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெண்கள் மடியில் மூக்கை நுழைப்பது: அக்குளிலும் இடுப்புக்குக் கீழேயும் இருக்கும் வியர்வைச் சுரப்பிகள் நம் முகவரிச் சீட்டு மாதிரி, நாய் அதைப் படிக்கிறது. மாதவிலக்கு நாட்களிலும் பிள்ளை பெற்ற வீட்டிலும் வாசனை மாறுவதால் அப்போது இன்னும் அதிகம். என் தங்கை கைக்குழந்தையோடு வந்திருந்தபோது செல்லி அவளை விட்டு நகரவில்லை, தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. திட்டாமல், வருகிறவர் பக்கவாட்டில் நின்று கையை நாயின் மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டால் போதும், அவள் உள்ளங்கையை மோந்து தொடுவாள், அதற்கு நாங்கள் ஒரு துணுக்குக் கொடுப்போம். மூக்குக்கு ஒரு வேலை கொடுத்தால் அது வேறு இடம் தேடாது.

புட்டத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு கூடத்தில் இழுபடுவதைப் பழக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆசனவாய்க்கு இருபுறமும், கடிகாரத்தில் 4, 8 இருக்கும் இடங்களில், இரண்டு சின்னப் பைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் தேய்க்கும். வால் அடியில் காய்ந்த அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அந்தப் புழு தெள்ளுப்பூச்சி வழியாக வருவதால் மாத்திரை மட்டும் கொடுத்துத் தெள்ளை விட்டுவைத்தால் திரும்ப வரும். செல்லிக்கு அடைப்புதான். மருத்துவர் கையுறை போட்டு அமுக்கியதும் அறையில் எழுந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவரும் திறமை எனக்கு இல்லை.

நமக்கு முதுகைக் காட்டி நம் பாதத்தின் மேல் உட்காருவது, தொடையில் முழுப்பாரத்தையும் சாய்ப்பது, குளித்ததும் பேய் பிடித்தது போல வீட்டைச் சுற்றி ஓடுவது எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் திருத்த எங்களுக்கு உத்தேசமும் இல்லை. ராத்திரி தலையணை விவகாரமும் அப்படித்தான், அதற்கென்று ஒரு பழைய தலையணையை ஒதுக்கியாகிவிட்டது.

கால் விஷயம் அனேகமாக நின்றுவிட்டது. சிலிண்டர்காரர் வந்தால் செல்லி தானாகப் பாய்க்குப் போய் உட்கார்ந்து எங்கள் கையைப் பார்க்கிறாள். பெரிய மாமா வரும் நாளில் மட்டும் கயிறு போட்டுத்தான் வைக்கிறோம். மாமா சட்டைப் பையில் எப்போதும் நாலு பிஸ்கட் இருக்கும், செல்லி ஏறினால் முதலில் "ஏய்!" என்று உறுமுவார், அடுத்து எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஒன்றை எடுத்துப் போடுவார். அதைப் போடாதீங்க மாமா என்று அவரிடம் சொல்லும் பொறுப்பை அம்மாவிடம் விட்டிருக்கிறோம். அம்மா "அண்ணன்ட்ட எப்படிச் சொல்ல" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள்.